அன்று இரவு அப்பா வெற்றிலை கேட்கவில்லை

கேள்வி:

எனக்கு வயது 48. கும்பகோணம் பக்கம் ஒரு ஊர், பள்ளி ஆசிரியை. அப்பா எங்களோடுதான் இருந்தார். 76 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை, மற்றபடி நடமாட்டத்தில் குறை இல்லை, பென்ஷன் கணக்கெல்லாம் தானே பார்ப்பார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, இரண்டு இட்லியோடு கை கழுவிவிட்டு "நெஞ்சு கரிக்கிற மாதிரி இருக்கும்மா" என்றார். மத்தியானம் ஒரு கல்யாணச் சாப்பாடு. வாயுதான் என்று ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டதற்கு "காலையில பாத்துக்கலாம், நீ போய்ப் படு" என்றார். தினமும் சாப்பிட்டதும் வெற்றிலை போடுகிறவர், அன்று கேட்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் காபி கொண்டுபோனபோது அப்பா இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று அண்ணன் எல்லோர் முன்னாலும் "அன்னிக்கு ராத்திரியே கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. தினமும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். வெற்றிலை கேட்காததில் ஆரம்பித்து எல்லாம் மறுபடி ஓடும். "நடந்தது நடந்துபோச்சு, விட்டுடு, இன்னிக்கு என்னவோ அதைப் பாரு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி விடுவது என்று யாரும் சொல்வதில்லை. செல்போனில் பார்த்துத் தியானம் செய்தேன். மூச்சைக் கவனித்தால் அப்பாவின் மூச்சு நின்றதுதான் நினைவுக்கு வருகிறது. போன வாரம் பிளஸ் டூ படிக்கும் என் மகள், "அம்மா, நான் பேசும்போது நீ இங்க இருக்கிறதே இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் ஒரு வரி கண்ணில் நின்றது. டாக்டரிடம் போகலாமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அப்பா வேண்டாம் என்றிருக்கிறார்.

கடிதத்தில் அது வந்த வேகத்தில் போய்விடுகிறது. ராத்திரி மூன்று மணிக்கு உங்களுக்குள் ஒரு விசாரணை நடக்கிறதே, அதில் இந்த வரி எழுந்து சாட்சி சொல்கிறதா? சொல்லாது என்றுதான் நினைக்கிறேன். ஓமம் வரும், வெற்றிலை வரும், அண்ணன் கேட்ட கேள்வி வரும். இது மட்டும் வராது. தன் கணக்கைத் தானே பார்க்கிற அளவுக்குத் தெளிவாக இருந்த ஒரு மனிதர், இருபது வருடமாகச் சர்க்கரைக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டவர், தன் உடம்பைப் பற்றித் தானே ஒரு முடிவு சொன்னார். மகள் அதைக் கேட்டுக்கொண்டாள். நம் வீடுகளில் அப்பா "நீ போய்ப் படு" என்றால் மகள் போய்ப் படுப்பாள். அதை அலட்சியம் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த நெஞ்சுக் கரிப்பைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். நான் உளவியல் ஆலோசகர், இதய மருத்துவர் இல்லை. ஆனால் மருத்துவமனையில் வேலை பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள், இடது கை வலிக்கும் என்றுதான் நாம் மனதில் வைத்திருக்கிறோம். பல வருடம் சர்க்கரை இருப்பவர்களுக்கு, உள்ளே இருக்கும் வலியைச் சொல்ல வேண்டிய நரம்புகள் மழுங்கிப்போயிருக்கலாம். வலி வர வேண்டிய இடத்தில் ஒரு எரிச்சல், வயிறு உப்பின மாதிரி ஒரு சங்கடம், காரணமில்லாத அசதி, இவ்வளவுதான் வரும். சிலருக்கு அதுகூட வராது. வேறு எதற்கோ இ.சி.ஜி. எடுக்கும்போது, எப்போதோ ஒரு மாரடைப்பு வந்துபோன தடம் அதில் தெரியும். இதயத்தின் அடிப்பக்கம் பாதிக்கப்பட்டால் மேல்வயிறு தொந்தரவு செய்யும், குமட்டும், பார்ப்பவர்கள் வாயு என்றே சொல்வார்கள். அனுபவமுள்ள மருத்துவர்கூட முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட மாட்டார். இ.சி.ஜி. எடுப்பார், டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை செய்வார், முதல் முறை சரியாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார். அத்தனை கருவியோடு தேடிக் கண்டுபிடிக்கிற ஒன்றை, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு வந்த மனிதரிடம், அடுப்படியில் நின்றபடி நீங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று உங்களையே கேட்கிறீர்கள்.

மற்ற வாசகர்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு, முக்கியமாகச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர்களுக்கு, இதுவரை இல்லாத மாதிரி நெஞ்சில் கரிப்போ அழுத்தமோ வந்தால், அதிலும் கூடவே வியர்த்தாலோ மூச்சு வாங்கினாலோ, காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுவாக இருந்துவிட்டால் நல்லது, திரும்பி வந்துவிடலாம்.

சகோதரி, இந்தப் பத்தி உங்களைச் சுடும் என்று தெரிந்தேதான் எழுதினேன். இது இன்று உங்களுக்குத் தெரிகிறது. அன்று தெரியாது. உங்கள் சிக்கல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். 1814-இல் ஆங்கிலேயருக்கும் நேபாளத்துக் கூர்க்காக்களுக்கும் நடந்த போரின் பின்னணியை எழுதிச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார். ஒரு குழுவுக்குப் போரின் முடிவைச் சொல்லவில்லை. மற்றக் குழுக்களுக்கு ஆளுக்கொரு முடிவைச் சொன்னார். ஆங்கிலேயர் ஜெயித்தார்கள் என்று கேட்ட குழு, அதுதான் நடந்திருக்கும் என்றது. கூர்க்காக்கள் ஜெயித்தார்கள் என்று கேட்ட குழு, இல்லை இதுதான் என்றது. படித்ததோ எல்லோரும் ஒரே பின்னணி. முடிவு தெரியாமல் படித்திருந்தாலும் இப்படித்தான் கணித்திருப்போம் என்றும் அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். முடிவு தெரிந்த பிறகு, அது தெரியாமல் இருந்த நம்மை நம்மால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை. முன்பின் தெரியாத நாட்டுப் போருக்கே இப்படி என்றால், சொந்த அப்பாவின் கடைசி இரவுக்கு எப்படி இருக்கும்?

வெற்றிலைக்கு வருகிறேன். இத்தனை வருடத்தில் அப்பா எத்தனை இரவு வெற்றிலை கேட்காமல் படுத்திருப்பார்? பல் வலித்த அன்று, வயிறு நிறைந்த அன்று, டிவி பார்த்துக்கொண்டே தூங்கிப்போன அன்று. அந்த இரவுகள் ஒன்றும் உங்கள் நினைவில் இருக்காது. மறுநாள் காலையில் அவர் எழுந்து காபி கேட்டிருப்பார், அத்தோடு அது முடிந்திருக்கும். இந்த ஒரு இரவின் வெற்றிலை மட்டும் அறிகுறியாக மாறிவிட்டது. எப்போது மாறியது? மறுநாள் காலை ஐந்து மணிக்கு. அதற்கு முந்தின இரவு அது அறிகுறி இல்லை, போடாமல் விட்ட ஒரு வெற்றிலை, அவ்வளவுதான். அதைக் கவனிக்காமல் விட்டதற்காக யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது.

ஒரு வேலை சொல்கிறேன், செய்து பாருங்கள். பகலில், வெளிச்சத்தில், மேஜையில் உட்கார்ந்து செய்ய வேண்டும். நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் மேலே "அன்று இரவு எனக்குத் தெரிந்தது" என்றும், வலப்பக்கம் "பிறகு தெரிந்தது" என்றும் எழுதுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஒவ்வொன்றாக யோசித்து, எந்தப் பக்கம் போகும் என்று பார்த்து எழுதுங்கள். கல்யாணத்தில் வயிறாரச் சாப்பிட்டார் என்பது இடப்பக்கம். நெஞ்சு கரிக்கிறது என்றார், அதுவும் இடப்பக்கம். சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு கரிப்பு போல வரலாம் என்பது வலப்பக்கம். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன் என்பதை இடப்பக்கம் எழுதி அடிக்கோடு போடுங்கள். நீங்கள் ஆசிரியை. சிலபஸில் இல்லாத கேள்விக்குப் பதில் எழுதவில்லை என்று எந்தப் பிள்ளைக்காவது மார்க்கைக் குறைத்திருக்கிறீர்களா? அந்த நியாயத்தை உங்களுக்கும் கொடுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒன்று மிஞ்சும். அதை மூடி மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. அன்று இரவே போயிருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா? பிழைத்திருக்கலாம். போகும் வழியிலேயோ, உங்களை ஐ.சி.யூ. வாசலில் உட்கார வைத்துவிட்டோ போயும் இருக்கலாம். இதற்குப் பதில் யாரிடமும் கிடையாது. எத்தனை ராத்திரி விழித்துக் கிடந்தாலும் கிடைக்காது. "போயிருக்கலாமே" என்ற வருத்தம் இருக்கத்தான் செய்யும், இருக்கட்டும். வருத்தத்தோடு ஒரு மனுஷி சமைக்கலாம், பாடம் நடத்தலாம், மகள் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கலாம். குற்றவாளி என்ற நினைப்போடு அதெல்லாம் முடியாது, தண்டனைக் காலத்தில் சிரிக்கவே கூசும். எப்படி விடுவது என்று கேட்டீர்கள் அல்லவா? விட வேண்டியது இந்தத் தண்டனையை மட்டும்தான். அப்பாவை விடச் சொன்னால் விடாதீர்கள்.

இதைச் சொல்லும்போது பலர் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். குற்ற உணர்ச்சிதான் போனவரோடு தங்களைக் கட்டி வைத்திருக்கும் கடைசிக் கயிறு என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதை அவிழ்த்தால் அவரும் போய்விடுவாரோ என்ற பயம். இன்னொரு பயமும் உண்டு, அது இன்னும் ஆழம். "நான்தான் தவறவிட்டேன்" என்றால் விஷயம் என் கையில் இருந்தது என்று அர்த்தமாகிறது. யார் கையிலும் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அப்படியே போய்விட்டது என்று ஒத்துக்கொள்வது அதைவிடப் பயங்கரம். அதனால் மனது பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறது.

அண்ணனும் அதைத்தான் செய்தார் என்று நினைக்கிறேன், பழியை வேறொரு தலையில் போட்டார். அவர் அன்று வீட்டில் இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். பக்கத்தில் இல்லாத பிள்ளைக்குள் "நான் இருந்திருந்தால்" என்ற கேள்வி குடையும். அது தாங்காமல் வெளியே வந்து விழும்போது, பக்கத்தில் இருந்தவர்கள் மேல்தான் விழும். அவர் சொன்னது நியாயம் என்று நான் சொல்லவில்லை. பதினாறாம் நாள், பந்துக்கள் நடுவில், தங்கையிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. ஒன்றரை வருடமாக நீங்கள் அதற்குப் பதிலே சொல்லவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அடுத்த முறை அவர் வரும்போது, தனியாக இருக்கும் நேரம் பார்த்துச் சொல்லுங்கள்: "அண்ணா, அன்னிக்கு நீங்க கேட்டது எனக்கு இன்னும் வலிக்குது. நான் அப்பாகிட்ட கேட்டேன். அவர்தான் காலையில பாத்துக்கலாம்னு சொன்னார்." சண்டை வேண்டாம், விளக்கம் வேண்டாம், இந்த மூன்று வாக்கியம் போதும். அவர் அழக்கூடும். கோபப்பட்டாலும் பரவாயில்லை, உங்கள் வாயால் நீங்கள் சொன்னதை உங்கள் காது கேட்டிருக்கும்.

"விட்டுடு" என்று சொல்கிறவர்களைப் பற்றி. மருந்து சாப்பிடும்போது குரங்கை நினைக்காதே என்று ஒரு வைத்தியர் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். அந்த நோயாளி ஜென்மத்துக்கும் மருந்து சாப்பிட்டிருக்க மாட்டார். 1987-இல் டேனியல் வெக்னர் என்பவர் அமெரிக்காவில் இதையே சோதனையாகச் செய்தார், குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. இப்போது தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலில் அடக்கி வைத்தவர்களுக்குத்தான், ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதி இருந்தவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. நீங்கள் பகல் முழுவதும் வகுப்பறையில் அந்த இரவை அடக்கி வைக்கிறீர்கள். மூன்று மணிக்குக் காவல் தளர்கிறது.

அதனால் அடக்காதீர்கள், நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். தினமும் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறு மணி வரை அந்த இரவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நாற்காலி, அதே நோட்டு. நினையுங்கள், எழுதுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். ஆறு மணிக்கு எழுந்து முகம் கழுவி விளக்கேற்றுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு அது வரும்போது "இதுக்கு நேரம் சாயங்காலம்" என்று சொல்லி ஒத்திப்போடலாம். முதல் வாரம் கேட்காது. அப்புறம் மெல்லக் கேட்க ஆரம்பிக்கும். ஓயாமல் கவலைப்படுகிறவர்களுக்கு இப்படிக் கவலைக்கு அரைமணி நேரம் ஒதுக்கும் முறையை டாமஸ் போர்க்கோவெக் என்பவர் 1983-இலேயே சோதித்து எழுதியிருக்கிறார், இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம். விழித்து இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். செல்போனைத் தொட வேண்டாம். கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம்.

நம் பெரியவர்கள் இந்த ஒதுக்கலை வேறு விதமாகச் செய்து வைத்திருந்தார்கள். பதினாறாம் நாள், மாதாமாதம் அமாவாசை, வருடத் திதி. அழுவதற்கு நாள் குறித்துக் கொடுத்து, மற்ற நாளில் வயலுக்குப் போகச் சொன்னார்கள். துக்கம் படிப்படியாக ஏறிக் கடக்கிற விஷயம் இல்லை, இழப்புக்கும் அன்றாடத்துக்கும் நடுவில் மாறி மாறிப் போய்வருவதுதான் அதன் இயல்பு என்று மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் எழுதினார்கள். படித்தபோது எனக்கு என் அம்மாவுக்குச் செய்த அமாவாசைப் படையல்தான் ஞாபகம் வந்தது. காலையில் அழுதுகொண்டே வாழைக்காய் நறுக்கியிருக்கிறேன், மத்தியானம் வடை உப்பு அதிகம் என்று சண்டை போட்டிருக்கிறேன்.

இனி உடம்பு. உங்களுக்கு 48 வயது. இந்த வயதில் மாதவிடாய் நிற்கப்போகும் காலத்து மாற்றங்களாலும் நடு ராத்திரியில் வியர்த்து விழிப்பு வரும். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததால் உங்களுக்கும் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் துக்கத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து எந்த நோயின் பெயரையும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும், ஏக்கமோ நினைவோ அநேகமாகத் தினமும் ஆளைக் கீழே அழுத்தி, வேலையையும் உறவையும் கெடுத்தால், அதை நீடித்த துக்கம் என்று மருத்துவ உலகம் இப்போது தனியாக அடையாளம் காண்கிறது, அதற்கென்றே பேச்சு சிகிச்சை முறைகளும் இருக்கின்றன. மேலே சொன்னதையெல்லாம் ஒரு ஆறு வாரம் செய்து பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் நேரில் ஒரு உளவியல் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பார்த்தே ஆக வேண்டும். அரசு தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. "நானும் அப்பாகிட்ட போயிடலாம்" என்ற மாதிரி எண்ணம் ஒரு முறை வந்தாலும் ஆறு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இப்போது, "இன்னிக்கு என்னவோ அதைப் பாரு" என்பதற்கு வருகிறேன். இன்றைய நொடியில் இருப்பது என்றால் மூச்சைக் கவனிப்பதுதான் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். நெருங்கியவரின் மூச்சு நின்றதைப் பார்த்தவர்களுக்கு மூச்சு நல்ல இடம் இல்லை. அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், உங்கள் மேல் தவறு இல்லை. 1979-இல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் ஆரம்பித்த, இந்த நொடியில் இருக்கப் பழக்கும் பயிற்சிதான் இன்று உலகமெங்கும் மருத்துவமனைகளில் பரவியிருக்கிறது. அதில் ஆரம்பப் பாடமே ஒரு உலர்திராட்சை. கையில் வைத்து உருட்டி, முகர்ந்து, நாக்கில் வைத்து, மெதுவாக மென்று தின்னச் சொல்வார்கள். கவனத்தைக் கட்டிப்போட ஒரு முளைக்குச்சி வேண்டும், அது எதுவாகவும் இருக்கலாம்.

உங்களுக்கு வெற்றிலையைச் சொல்கிறேன். கொழுந்து வெற்றிலை உங்கள் ஊர்ச் சொத்து. தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒதுக்கிய பிறகு, ஒரே ஒரு வெற்றிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். காம்பைக் கிள்ளுங்கள், நுனியைக் கிள்ளுங்கள். பின்பக்கம் திருப்பி நடு நரம்பை உரியுங்கள். பாதியில் அறுந்துபோகும், மறுபடி நகத்தால் பிடிக்க வேண்டியிருக்கும். சுண்ணாம்பு விரல் நுனியில் ஜில்லென்று இருக்கும், ஒரு மிளகளவு எடுத்து இலையின் முதுகில் தடவுங்கள். கிள்ளின இடத்திலிருந்து ஒரு கார வாசனை வரும். மடித்து அப்பா படத்துக்கு முன்னால் வையுங்கள். நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டாம், பாக்கும் வேண்டாம், மடித்துக் கொடுத்தால் போதும். இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடத்தில் மனது ஐந்தாறு தடவை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஓடும். ஓடட்டும். ஓடினது தெரிந்ததும் விரலுக்குத் திரும்பி வாருங்கள். தூக்கத்தில் போர்வையை உதைத்துத் தள்ளுகிற குழந்தைக்கு மறுபடி மறுபடி போர்த்திவிடுவோமே, திட்டுவோமா? அந்த மாதிரி.

முதல் சில நாள் வெற்றிலையைத் தொட்டதும் அழுகைதான் வரும். தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிடுங்கள், சுண்டைக்காய் ஆய்வதோ பூக் கட்டுவதோ எதுவாக இருந்தாலும் சரி. முடிந்தால் தொடருங்கள். உங்களுக்கு அறிகுறியாகவும் சாட்சியாகவும் மாறிப்போன ஒரு இலையை, மறுபடி இலையாகக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மகளுக்கு வருவோம். அவள் எழுந்து போனது உங்களைக் குத்தியிருக்கிறது, ஆனால் அந்த வாக்கியத்தில் கோபத்தைவிட ஏக்கம்தான் எனக்குக் கேட்கிறது. மனது அலைவது உங்களுக்கு மட்டும் வந்த குறை இல்லை என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2010-இல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இருவர் 2250 பேரிடம் செல்போன் வழியாக நாளின் வெவ்வேறு நேரத்தில் "இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம், செய்கிற வேலையை விட்டு மனது வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்த நேரங்களில் ஜனங்கள் சந்தோஷம் குறைவாக இருந்தார்கள் என்பதையும் கண்டார்கள். நாள் முழுவதும் மகளோடு இருங்கள் என்று நான் சொல்லவில்லை. டியூஷன் முடிந்து வந்து அவள் பையைக் கழற்றிப் போடுகிற அந்தப் பத்து நிமிடம் மட்டும். அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்காருங்கள். மனது கிளம்பினால், அவள் கையைப் பாருங்கள், நகத்தில் மை இருக்கிறதா, வளையல் மாற்றியிருக்கிறாளா என்று பாருங்கள், அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தையைப் பிடித்து ஒரு கேள்வி கேளுங்கள். நடுவில் விட்டுவிட்டால் தலையாட்டிச் சமாளிக்க வேண்டாம். "கொஞ்சம் விட்டுட்டேன்டா, மறுபடி சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளைகள் அதை மன்னிப்பார்கள். தலையாட்டலைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.

அப்புறம், அவளுக்கும் தாத்தா போயிருக்கிறார். அந்த இரவு அவளும் அதே வீட்டில் இருந்திருப்பாள். ஒன்றரை வருடமாக அம்மாவின் துக்கம் வீடு முழுக்க நிறைந்திருந்ததால், தன்னுடையதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்திருப்பாள். இன்று ராத்திரி முதல் வெற்றிலையை எடுக்கும்போது அவளைக் கூப்பிடுங்கள். தாத்தாவின் சுண்ணாம்பு டப்பா எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேளுங்கள். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.